எண்ணிக்கைக்கு முன் வரம்பு: மின்தரக் குறைபாடுகள் அளக்கப்பட்ட வரலாறு, 1893–2003

முன்னுரை

மின் விநியோகத்தில் எந்தக் குறைபாடு மிகுதி என்ற கேள்விக்கு, அமெரிக்காவில் எட்டாண்டு இடைவெளியில் வெளியான இரு ஆய்வுகள் நேரெதிர் விடைகளைத் தந்தன. கணினி நிலையங்களின் மின்வழங்கலை ஆராய்ந்து 1974இல் வெளியான ஆலன்–சீகல் ஆய்வு, பதிவான குறைபாடுகளில் 88.5 விழுக்காடு கணநேர மின்னழுத்தத் துடிப்புகள் என்றது. மின்னழுத்தத் தாழ்வுகளின் பங்கு அதில் 11 விழுக்காடுதான். தொலைபேசி நிறுவனமான பெல்லின் 24 இடங்களில் 1977 முதல் 1979 வரை பதிவுசெய்து 1982இல் வெளியிடப்பட்ட கோல்ட்ஸ்டைன்–ஸ்பெரான்சா ஆய்விலோ தாழ்வுகள் 87 விழுக்காடு, துடிப்புகள் வெறும் 7.4 விழுக்காடு. எட்டாண்டுகளில் ஒரு நாட்டின் மின்கட்டமைப்பு இவ்வளவு தலைகீழாக மாறியிருக்க முடியாது. மாறியது அளந்த விதம். எதைக் குறைபாடு என்று எண்ணுவது என்பதை ஒவ்வொரு காலத்திலும் பாதிக்கப்பட்ட சாதனமும் அளவுக்கருவியின் வரம்பும் சேர்ந்தே முடிவுசெய்துள்ளன என்பதே இக்கட்டுரையின் கருத்து.

1. அலைவடிவம் புலப்பட்ட காலம்

மாறுமின்னோட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் மின்தரம் என்றால் விளக்கு அணையாமல் எரிவதுதான். அலைவடிவமும் பொருட்டு என்று உணர்த்திய முதல் நிகழ்வுகளில் ஒன்று, 1893இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் ஒரு மோட்டார் அளவுமீறிச் சூடேறியது. அதை ஆராய்ந்த சார்ல்ஸ் ஸ்டைன்மெட்ஸ், மின்னாக்கி உண்டாக்கிய ஹார்மானிக் அலைகள் (அடிப்படை அலையின் மடங்கான அதிர்வெண் கொண்டவை) மின்தொடரின் ஒத்ததிர்வால் பெருகியதே காரணம் என்று கண்டார். மின்னழுத்தமானி காட்டும் சராசரி அளவை மட்டும் பார்த்திருந்தால் இது பிடிபட்டிருக்காது. அதே ஆண்டில் பிரான்சில் ஆந்த்ரே ப்ளோந்தெல் ஆசிலோகிராஃப் கருவியை உருவாக்கினார். அலையின் உருவத்தை நேரடியாகப் பதிவுசெய்ய வழி பிறந்தது.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஹார்மானிக்குகளைப் பற்றிய புகார் தொலைபேசித் துறையிலிருந்து வந்தது. மின்கம்பிகளுக்கு இணையாக ஓடிய தொலைபேசிக் கம்பிகளில் இரைச்சல் கேட்டது. 60 ஹெர்ட்ஸ் அடிப்படை அலையைவிட, மனிதச் செவி கூர்ந்து உணரும் உயர் அதிர்வெண் ஹார்மானிக்குகளே அதிகத் தொல்லை கொடுத்தன. மின்னழுத்த ஏற்ற இறக்கத்தால் விளக்கொளி துடிப்பதை அளந்தபோது மனிதக் கண்ணே அளவுகோலாயிற்று. நொடிக்கு ஏறத்தாழ 9 முறை நிகழும் ஒளித்துடிப்பே கண்ணை மிகவும் உறுத்துவது என்று அறிந்து, பின்னாளில் ஒளித்துடிப்பு அளவியே அந்த உணர்திறனுக்கு ஏற்ப வடிவமைக்கப்பட்டது.

2. கணினி கொண்டுவந்த வரம்பு

செவியும் கண்ணும் தந்த அளவுகோலை 1970களில் கணினி மாற்றியது. கணினி உற்பத்தியாளர் சங்கமான சிபிமா, தன் உறுப்பினர்களின் சாதனங்கள் எவ்வளவு மின்னழுத்த விலகலை எவ்வளவு நேரம் தாங்கும் என்பதை ஒரே வளைகோட்டில் வரைந்தது. மின்னழுத்தம் முழுமையாக மறைந்தாலும் 60 ஹெர்ட்ஸில் அரைச் சுற்று, அதாவது 8.33 மில்லிநொடி வரை கணினி தாங்க வேண்டும். மின்வழங்கிப் பகுதியின் மின்தேக்கியில் உள்ள ஆற்றல் அந்த இடைவெளியை ஈடுகட்டும். 1990களில் திருத்தப்பட்ட வளைகோடு இந்த அளவை 20 மில்லிநொடியாக உயர்த்தியது.

இந்த வளைகோடு வரம்பிட்ட மின்னழுத்தத் தாழ்வு எப்படி உண்டாகிறது என்பதைச் சற்று அருகில் பார்ப்போம். ஒரு துணைமின்நிலையத்தின் பொதுத்தண்டிலிருந்து நான்கு ஃபீடர்கள் (விநியோகத் தொடர்கள்) பிரிகின்றன. ஒன்றில் மரக்கிளை விழுந்து குறுக்குச்சுற்று ஏற்படுகிறது. பெருகும் மின்னோட்டம் மின்மாற்றியின் மின்னெதிர்ப்பு வழியாகவே பாய வேண்டியிருப்பதால் பொதுத்தண்டின் மின்னழுத்தம் சரிகிறது. பிரேக்கர் திறக்கும்வரை, சில சுற்றுகளுக்கு, பழுதில்லாத மற்ற மூன்று ஃபீடர்களும் அந்தச் சரிவைச் சுமக்கின்றன. அங்கே உள்ள தொழிற்சாலையில் விளக்குகள் ஒருமுறை மங்கி மீளும். ஆனால் எந்திரத்துக்கு மின்சாரத்தை இணைக்கும் கான்டாக்டரின் சுருள் பிடி தளர்ந்து விட்டுவிட்டால் எந்திரம் நின்றுவிடும். மின்வாரியக் கணக்கில் மின்தடை ஏற்பட்டது ஒரு ஃபீடரில்தான். உற்பத்தி இழப்போ மற்ற மூன்றிலும்.

3. இரு ஆய்வுகள், இரு முடிவுகள்

முன்னுரையில் கண்ட முரணை விளக்கியவர்களுள் முதன்மையானவர் ஃபிரான்சுவா மார்ட்ஸ்லாஃப். வீடுகளிலும் ஆலைகளிலும் எழும் மின்னழுத்த எழுச்சிகளை ஹான் என்பவருடன் இணைந்து ஆராய்ந்து 1970இலேயே கட்டுரை வெளியிட்டவர் அவர். 1988இல் தாமஸ் க்ரூஸுடன் எழுதிய கட்டுரையில், அதுவரை வந்த கள ஆய்வுகளை ஒப்பிட்டு, வேறுபாடுகளின் பெரும்பகுதி வரையறைகளிலிருந்தும் கருவிகளின் பதிவு வரம்புகளிலிருந்தும் எழுவதைக் காட்டினார்.

காரணம் எளிது. சிறிய துடிப்புகள் அடிக்கடி நிகழும், பெரியவை அரிது. துடிப்புக்கான பதிவு வரம்பைத் தாழ்த்தினால் அவற்றின் எண்ணிக்கை பன்மடங்காகும், தாழ்வுகளின் விழுக்காடு தானே சுருங்கும். வரம்பை உயர்த்தினால் இதற்கு மறுதலை. ஆகவே வரம்பைச் சொல்லாத விழுக்காட்டைக் கொண்டு இரண்டு ஊர்களையோ இரண்டு காலங்களையோ ஒப்பிட முடியாது.

4. பொது அளவுகோலை நோக்கி

இந்தப் பாடம் 1990களில் செயல்வடிவம் பெற்றது. 1993 முதல் 1995 வரை அமெரிக்க மின் ஆராய்ச்சி நிறுவனமான எப்ரி, 24 மின் நிறுவனங்களின் விநியோக அமைப்புகளில் 277 இடங்களில் பொதுவான முறையில் அளந்தது. மின், மின்னணுப் பொறியாளர் அமைப்பான ஐஇஇஇ 1995இல் வெளியிட்ட 1159 பரிந்துரை, மின்னழுத்தம் இயல்பளவின் 10 முதல் 90 விழுக்காட்டுக்குள் அரைச் சுற்று முதல் ஒரு நிமிடம் வரை சரிவதைத் தாழ்வு என வரையறுத்தது. பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையமான ஐஇசி 2003இல் வெளியிட்ட 61000-4-30 தரநிலை இன்னும் ஒருபடி மேலே சென்றது. எதை அளப்பது என்பதோடு எப்படி அளப்பது என்பதையும் அது வகுத்தது: தாழ்வைக் கண்டறிய ஒரு சுற்றின் பயனுறு மின்னழுத்தத்தை ஒவ்வொரு அரைச் சுற்றிலும் புதுப்பித்துக் கணக்கிட வேண்டும். வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் ஒரே நிகழ்வுக்கு ஒரே விடை தர இதுவே வழிசெய்தது.

முடிவுரை

மோட்டார், தொலைபேசி, விளக்கு, கணினி என ஒவ்வொரு சாதனமும் தன்னை வருத்திய குறைபாட்டையே முன்னிறுத்தியது. மின்தடையை மட்டும் எண்ணும் கணக்கில், அடுத்த ஃபீடரின் பழுதால் நின்றுபோன ஆலைக்கு இடமே இல்லை. வரம்பைக் குறிப்பது வெறும் தொழில்நுட்ப வேலை அன்று. யாருடைய இழப்பு கணக்கில் ஏறும் என்பதை அது தீர்மானிக்கிறது. மின்தரம் பற்றிய எந்த அறிக்கையும் வரம்பு, அளந்த இடம், அளந்த காலம் ஆகிய மூன்றையும் முதல் பக்கத்திலேயே சொல்ல வேண்டும். நுகர்வோரும் ஒழுங்குமுறை ஆணையங்களும் விழுக்காட்டைப் பார்க்குமுன் அவற்றைக் கேட்டுப் பெற வேண்டும்.