மொஹாலியில் பிறந்து ஜெனீவாவில் உழைத்த சில்லு

2025 செப்டம்பரில் விக்ரம் சில்லைப் பற்றிய செய்தி வந்த நாளில், காக்கநாடு இன்ஃபோபார்க்கில் எங்கள் சாப்பாட்டு மேசையில் ஏக விவாதம். "இந்தியாவில் உண்டாக்கிய முதல் சிப்" என்று அடித்துச் சொன்னார் ஒரு சேட்டன். மீன்குழம்பு ஆறிக்கொண்டிருந்ததால் நான் வாதாடவில்லை. சொல்ல நினைத்ததை இங்கே எழுதிவிடுகிறேன்.

விக்ரம் பிறந்தது மொஹாலியில். அதே ஆலையில் செய்த இன்னொரு சில்லு, பல வருடங்களுக்கு முன்பே ஜெனீவாவில் செர்ன் ஆய்வகத்தின் பூமிக்கடியில் உட்கார்ந்து வேலை பார்த்தது. அதன் பெயர் மானஸ்.

அங்கே அதற்கு என்ன வேலை? கொஞ்சம் இயற்பியல், பொறுத்துக்கொள்ளுங்கள். ஈய அணுக்கருவில் 82 புரோட்டான்கள், 126 நியூட்ரான்கள். அவற்றுக்குள்ளே குவார்க்குகள், வெளியே வரமுடியாதபடி கட்டுண்டு கிடக்கின்றன. இப்படி இரண்டு அணுக்கருக்களை ஏறக்குறைய ஒளிவேகத்தில் மோதவிட்டால், சூரியனின் மையத்தைப்போல் லட்சம் மடங்கு வெப்பம் கிளம்பும். கட்டு அவிழ்ந்து குவார்க்-குளுவான் குழம்பு உண்டாகும். பெருவெடிப்புக்குப் பிறகு சில மைக்ரோ நொடிகள்வரை பிரபஞ்சமே இப்படித்தான் இருந்ததாம்.

ஆனால் இந்தக் குழம்பு இமைக்கும் நேரத்தில் கோடிகோடியில் ஒரு பங்குகூட நிற்பதில்லை. தெர்மாமீட்டர் வைக்க வழியில்லை. சாட்சிதான் தேட வேண்டும். 1986-ல் மட்சுய், சாட்ஸ் என்ற இருவர் ஒரு சாட்சியைக் காட்டினார்கள். சார்ம் குவார்க்கும் அதன் எதிர்க்குவார்க்கும் சேர்ந்த ஜே/சை துகள் இந்தக் குழம்பில் பிரிந்துபோகும், ஆகவே எண்ணிக்கை குறையும் என்றார்கள். ஜே/சை சிதைந்தால் சில சமயம் இரண்டு மியூவான்கள் வரும். மற்ற துகள்களைத் தடுக்கும் தடித்த சுவரையும் மியூவான்கள் துளைத்துக்கொண்டு போய்விடும். சுவருக்கு அந்தப்பக்கம் அவற்றைப் பிடித்து எண்ண வேண்டியதுதான்.

செர்னின் ஆலிஸ் சோதனையில் இப்படிப் பிடிக்க ஐந்து நிலையங்கள். இரண்டாவதைக் கட்டியது கொல்கத்தா சாஹா நிறுவனமும் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகமும். ஐந்திலும் சேர்த்து சுமார் 11 லட்சம் மின்வழிகள். மியூவான் கடந்துபோகும்போது விழும் துளி மின்னூட்டத்தை வாங்கிப் பெருக்கித் தரும் வேலைதான் மானஸுடையது. ஒரு சில்லுக்கு 16 வழிகள். கணக்குப் போட்டால் 70,000 சில்லுகளுக்குப் பக்கம். வடிவமைத்தது சாஹா நிறுவனம், செய்தது மொஹாலி.

மொஹாலி ஆலையின் கதை தெரிந்தால் இதன் அருமை புரியும். 1984-ல் உற்பத்தி தொடங்கியது. 1989-ல் தீப்பிடித்து எரிந்தது. மறுபடி எழுந்து நிற்க 1997 ஆகிவிட்டது. எட்டு வருடம் முடங்கிக் கிடந்த ஆலையை நம்பி உலகச் சோதனைக்கான சில்லைக் கொடுத்திருக்கிறார்கள்!

வியோகி தலைமையில் நம்மவர்கள் கட்டிய ஃபோட்டான் எண்ணும் கருவியும் இதில் சேரும். கொல்கத்தா, புவனேஸ்வர், சண்டிகர், ஜம்மு, ஜெய்ப்பூர் என்று பல ஊர்க்காரர்களின் உழைப்பு அது. அமெரிக்காவின் ஸ்டார் சோதனையில் அது செர்னில் வடிவமைத்த கேசிப்ளெக்ஸ் சில்லை நம்பியிருந்தது. ஆலிஸுக்குப் போனபோது மானஸோடு போனது.

சரி, பலன் என்ன? 2010 நவம்பரில் ஆலிஸில் ஈயம் ஈயத்தோடு மோதியது. அமெரிக்காவின் ரிக் முடுக்கியைவிட ஆற்றல் பல மடங்கு அதிகம், ஆகவே ஜே/சை இன்னும் குறையும் என்று நினைப்பதுதானே இயல்பு? 2012-ல் வந்த முடிவு வேறு மாதிரி. குறைவு ரிக்கில் கண்ட அளவுக்கு இல்லை. அத்தனை சார்ம் குவார்க்குகள் பிறப்பதால், பிரிந்தவை போக, குழம்பு ஆறும்போது புதிய ஜோடிகள் சேர்ந்துகொள்கின்றன என்பதுதான் இதற்குச் சொல்லப்படும் விளக்கம். இதைக் காட்டிய மியூவான்கள் மானஸ் வழியாக வந்தவை.

2018-க்குப் பிறகு கருவியைப் புதுப்பித்தபோது மானஸ் ஓய்வு பெற்றது. அதன் இடத்தில் இப்போது பிரேசிலில் வடிவமைத்த சம்பா. வேகம் கூடினால் சில்லு மாறத்தான் வேண்டும், அதில் வருத்தமில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் "இதுதான் முதல்" என்று புதிதாகத் தொடங்குகிறோமே, அதுதான் உறுத்துகிறது. முன்பு செய்தவர்களை மறந்தால் அவர்கள் கற்றதும் சேர்ந்து போய்விடும். எரிந்த ஆலையைக்கூடத் திரும்பக் கட்டிவிட்டோம். மறந்த கைப்பழக்கத்தை எங்கே போய்த் தேடுவது?