ஏழு அமைச்சர்களில் ஒருவர்: பெரி சுந்தரமும் தோட்டத் தமிழரின் வாக்குரிமையும்

கண்டிக்கு வடகிழக்கே நக்கிள்ஸ் மலைச்சரிவில் உள்ள மடுல்கலை, கோப்பிக் காலத்திலிருந்து தோட்டங்கள் நிறைந்த பகுதியாகும். அங்கு 1890இல் பிறந்த பெரியண்ணன் சுந்தரம், கண்டி திரித்துவக் கல்லூரியிலும் பின்னர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலும் பயின்று பாரிஸ்டராகத் திரும்பினார். பெரி சுந்தரம் என்ற பெயரில் அறியப்பட்ட அவர், தோட்டப்புறத்தில் பிறந்து இலங்கையின் அமைச்சராக உயர்ந்த முதல் தமிழராவார். பிள்ளைகளும் கொழுந்து பறிக்கவும் புல் வெட்டவும் அனுப்பப்பட்ட, உயர்கல்வி எட்டாக்கனியாக இருந்த அக்காலத் தோட்ட வாழ்க்கையோடு வைத்துப் பார்த்தால்தான் இந்த உயர்வின் அளவு விளங்கும்.

அவருடைய பொதுவாழ்வு சட்டசபையில் தொடங்கவில்லை. சேர் பொன்னம்பலம் அருணாசலம் 1919இல் தொடங்கிய தொழிலாளர் நலன்புரிச் சங்கத்தின் செயலாளராக இருந்த காலத்தில், சுந்தரம் முதன்மையாக எதிர்த்தது துண்டு முறையை. இந்தியாவிலிருந்து ஆள்கட்டி வந்த கங்காணி, வழிச்செலவையும் முன்பணத்தையும் தொழிலாளியின் பெயரில் கடனாக எழுதிவைப்பார். வேறு தோட்டத்துக்குப் போக விரும்பும் தொழிலாளிக்கு, இன்ன தொகையைச் செலுத்தினால் இவரை விடுவிப்போம் என்று தோட்டத்துரை எழுதிக் கொடுக்கும் கடிதமே துண்டு எனப்பட்டது. புதிய தோட்டம் அத்தொகையைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்ளும்போது பழைய கடன் தீர்வதில்லை, கைமாறும். ஒவ்வொரு மாற்றத்திலும் தொகை கூடுவதும் உண்டு. எழுத்தறியாத ஒரு குடும்பத்தின் உழைப்பு இவ்வாறு ஒரு தாளில் விலை குறிக்கப்பட்டுத் தோட்டந்தோட்டமாகச் சென்றதை அடிமைத்தனத்தின் எச்சம் என்று சொல்வது மிகையாகாது. அருணாசலமும் சுந்தரமும் தொடர்ந்து வாதாடியதும், இந்திய அரசின் அழுத்தமும் சேர்ந்து, 1921ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் துண்டு முறையை ஒழித்தன.

டொனமூர் ஆணைக்குழுவின் பரிந்துரைப்படி 1931இல் அமைந்த அரசாங்க சபை, 21 வயது நிரம்பிய ஆண் பெண் அனைவருக்கும் வாக்குரிமை என்ற அடிப்படையில் தெரிவு செய்யப்பட்டது. ஆசியாவில் அதற்கு முன்னோடி அரிது. ஆயினும் இந்த உரிமை தோட்டத் தமிழருக்கு நேர்வழியில் கிட்டவில்லை. பரிந்துரைகள் பழைய சட்டநிரூபண சபையில் 1929 டிசம்பரில் 19க்கு 17 என்ற வாக்குகளில் மயிரிழையில் நிறைவேறுவதற்கு முன்பே, அவர்கள் விடயத்தில் நிபந்தனைகள் சேர்க்கப்பட்டிருந்தன. இலங்கையையே நிரந்தர வதிவிடமாகக் கொண்டமையை நிறுவ வேண்டும். இயலாதவர், ஐந்தாண்டு வசித்ததைக் காட்டி, இந்தியத் தொழிலாளர் என்ற முறையில் தமக்கிருந்த சிறப்புப் பாதுகாப்புகளைக் கைவிட்டு நிரந்தரக் குடியிருப்புச் சான்றிதழ் பெற வேண்டும். வாக்குரிமைக்கு விலையாகப் பாதுகாப்பைக் கேட்ட இந்த ஏற்பாட்டைக் கண்டு பலர் தயங்கியதில் வியப்பில்லை.

அச்சபைக்கு ஹட்டன் தொகுதியிலிருந்து பெரி சுந்தரம் தெரிவானார். அங்கே கட்சி அமைச்சரவை கிடையாது. உறுப்பினர்கள் ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரிந்து, ஒவ்வொரு குழுவும் தன் தலைவரைத் தானே தெரிவு செய்ய, அத்தலைவர்களே அமைச்சர்களாயினர். தொழில், கைத்தொழில், வர்த்தகக் குழு சுந்தரத்தைத் தெரிவு செய்தது. டி. எஸ். சேனநாயக்க, சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா ஆகியோர் இருந்த அமைச்சர் குழுவில் ஒரு தோட்டத் தமிழர், பிற இன உறுப்பினர்களும் அமர்ந்திருந்த ஒரு குழுவின் தெரிவால் இடம்பெற்றார் என்பது, அதன் பின்னர் நடந்தவற்றை அறிந்தவர்களுக்குப் பெரிய செய்தியே.

வேலையில் காயமடைந்தவருக்கும் இறந்தவரின் குடும்பத்துக்கும் நட்டஈட்டை உரிமையாக்கிய 1934ஆம் ஆண்டு 19ஆம் இலக்கச் சட்டமும், தொழிற்சங்கங்களுக்குச் சட்ட அங்கீகாரம் அளித்த 1935ஆம் ஆண்டு 14ஆம் இலக்கச் சட்டமும் அவர் அமைச்சராக இருந்த காலத்தவை. பிற்காலத் தோட்டச் சங்கங்கள் எல்லாம் இரண்டாவது சட்டத்தின் மேல்தான் எழுந்தன. ஆனால் அதே காலத்தில், உலகப் பெருமந்தம் தேயிலை விலையைச் சரித்ததால், 1929இல் மேல்நாட்டு ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம் என்று நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சக் கூலி வெட்டப்பட்டது. தம் மக்களின் நாட்கூலி குறைவதைத் தடுக்கும் வலிமை தொழில் அமைச்சருக்கு இருக்கவில்லை. தோட்ட முதலாளிகளின் கை அந்தளவு ஓங்கியிருந்தது. அவரது பணியை மதிப்பிடுவோர் இதை மறைக்கத் தேவையில்லை; சட்டம் இயற்றும் அதிகாரம் கிடைத்தாலும் பொருளாதார அதிகாரம் கிடைக்காத நிலையை அது காட்டுகிறது.

1936இல் ஹட்டன் தொகுதி தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யர் வசமாயிற்று; அமைச்சர் குழுவோ சிங்களவர் மட்டுமே கொண்டதாக அமைந்தது. அடுத்த ஆண்டின் கிராமச் சமுதாயச் சட்டத் திருத்தம் தோட்டத் தொழிலாளரைக் கிராம வாக்குரிமையிலிருந்து விலக்கியது. பெரி சுந்தரம் பின்னர் இலங்கை இந்தியக் காங்கிரசுக்குத் தலைமை வகித்தார். செனட் சபையிலும் அமர்ந்தார். 1947 பொதுத்தேர்தலில் நாவலப்பிட்டியில் கே. இராஜலிங்கம், நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமான், தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளை உட்பட அக்காங்கிரசின் எழுவர் மலைநாட்டிலிருந்து நாடாளுமன்றம் சென்றபோது, 1931இன் தொடர்ச்சி உறுதிப்பட்டதாகவே தோன்றியது.

1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அதை முறித்தது. தந்தையோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இலங்கையில் பிறந்ததை நிறுவுமாறு அது கோரியது. பிறப்புப் பதிவே ஒழுங்காக இல்லாத லயங்களில், அதாவது தோட்ட வரிசைக் குடியிருப்புகளில், வாழ்ந்தவர்களால் அது பெரும்பாலும் இயலாத காரியம். 1949ஆம் ஆண்டுத் தேர்தல் சட்டத் திருத்தம் குடியுரிமையற்றவரை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்க, 1952 தேர்தலில் அந்த ஏழு இடங்களில் ஒன்றுகூட மலையகத் தமிழருக்கு மிஞ்சவில்லை. ஒரு சபை தனக்கு உறுப்பினர்களை அனுப்பிய வாக்காளர்களையே சட்டத்தால் அகற்றிய இச்செயல் மன்னிக்கத்தக்கதன்று. பெரி சுந்தரத்துக்குப் பின் இன்னொரு மலையகத் தமிழர் அமைச்சராவதற்கு, தொண்டமான் 1978இல் பதவியேற்கும் வரை, 42 ஆண்டுகள் சென்றன.