அப்பமும் பங்கும்: பண்டைய எகிப்தின் எளிய சமன்பாடுகள்

கணிதத்தின் வரலாற்றைக் கருத்துக்களின் வரலாறாக மட்டுமே நோக்கும் போக்கு ஆய்வாளரிடையே இன்றும் வலுவாக உள்ளது. எண்ணியவர் யார், யாருடைய பொருளை எண்ணினர் என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. ரைண்ட் பாப்பிரசுச் சுவடியை இவ்வினாக்களின் அடிப்படையிலேயே நாம் இங்கு நோக்க விழைகின்றோம்.

1858இல் லக்சோரில் ஹென்றி ரைண்ட் என்னும் ஸ்கொத்லாந்தியர் விலைக்கு வாங்கிய இச்சுவடியின் பெரும்பகுதி பிரித்தானிய நூதனசாலையில் உள்ளது. மூன்றாம் அமெனெம்ஹெத் காலத்து மூலமொன்றைப் பார்த்து, ஏறத்தாழ கி.மு. 1550இல் ஆமெஸ் என்னும் எழுதுவினைஞர் படியெடுத்தது இது.

ஒரு தொகையும் அதன் ஏழிலொன்றும் சேர்ந்து 19 ஆயின் தொகை யாது என்பது 24ஆம் கணக்கு. தெரியாக் கணியத்தைக் குறிக்க இன்று நாம் கையாளும் எழுத்துக் குறியீடு ஆமெஸிடம் இல்லை. ‘அஹ’ என்னும் சொல்லே உண்டு. தொகை, குவியல் என அதற்குப் பொருள் கூறுவர். தானியக் குவியலைக் கண்முன் கொண்ட சமுதாயத்தின் சொல் அது எனக் கொள்வதில் தவறில்லை. விடை 7 என அவர் தற்காலிகமாகக் கொள்கிறார். 7உம் அதன் ஏழிலொன்றும் 8. ஆனால் வேண்டியது 19. எனவே 8 எத்தனை மடங்கானால் 19 ஆகுமோ அத்தனை மடங்காக 7உம் பெருக வேண்டும். 19ஐ 8ஆல் வகுக்க இரண்டே காலே அரைக்கால். அதன் ஏழு மடங்கு பதினாறரையே அரைக்கால். (எகிப்தியரின் பின்ன வழக்கைச் சொல்ல நமது பழைய வாய்பாட்டுச் சொற்கள் இவ்வளவு இசைவாயிருப்பது குறிப்பிடத்தக்கது.) விடை கண்டதும் ஆமெஸ் நின்றுவிடவில்லை. அதன் ஏழிலொன்றாகிய இரண்டே காலே அரைக்காலை அதனோடு கூட்டி, 19 வருவதையும் எழுதிக் காட்டுகிறார்.

சரிபார்த்தல் ஏன் கணக்கின் உறுப்பாயிற்று? நாணயம் வழங்காத அச்சமுதாயத்தில் கூலி அப்பமாகவும் பியராகவும் தானியமாகவும் அளக்கப்பட்டது. கூட்டலில் நேரும் பிழை ஒருவனது உணவைக் குறைக்கும், அல்லது அரச களஞ்சியத்தைக் குறைக்கும். பின்னையதற்கே எழுதுவினைஞர் பொறுப்புக்கூற வேண்டியிருந்தது என நாம் கருதுகிறோம்.

65ஆம் கணக்கு இதனைத் தெளிவாக்குகின்றது. 100 அப்பங்களைப் பத்துப் பேருக்குப் பகிர வேண்டும். அவர்களுள் படகோட்டி, மேற்பார்வையாளன், வாயிற்காவலன் ஆகிய மூவருக்கும் இரட்டைப் பங்கு. எழுவருக்கு 7, மூவருக்கு 6, ஆக 13 பங்குகள். 100ஐ 13ஆல் வகுக்க, ஒரு பங்கு 7உம் மூன்றில் இரண்டும் முப்பத்தொன்பதில் ஒன்றும் ஆகும். பங்குகள் யாவற்றையும் கூட்டினால் 100 பிசகாமல் வரும். ஆயினும் இச்சரிபார்த்தல் வகுத்தலைத்தான் சோதிக்கிறது. பத்துப் பேருக்குப் பதின்மூன்று பங்குகள் ஏன் என்பதை அது தொடுவதில்லை. வர்க்க வேறுபாடு விடையில் அன்று, கணக்கின் தரவிலேயே அமர்ந்துள்ளது.

எழுதுவினைஞர் பள்ளிகளில் மாணவர் படியெடுத்த துவா-கேத்தியின் அறிவுரை என்னும் இலக்கியம், உடலுழைப்பாளர் அனைவரையும் எள்ளி எழுதுவினைஞர் தொழிலையே உயர்த்துவதை இதனோடு இணைத்து நோக்குதல் தகும். படகோட்டி, மேற்பார்வையாளன், வாயிற்காவலன் என மூவரையும் பதவி சுட்டி விதந்துரைக்கும் 65ஆம் கணக்கு, எஞ்சிய எழுவரும் செய்த வேலை யாதென ஓரிடத்திலும் கூறவில்லை.