அலகையின் மடல்களும் வாசகரின் நகைப்பும்: 'தி ஸ்குரூடேப் லெட்டர்ஸ்' புதினத்தின் ஏற்பு வரலாறு (1941–1961)

ஆய்வுச்சுருக்கம்

சி. எஸ். லூயிஸ் எழுதிய 'தி ஸ்குரூடேப் லெட்டர்ஸ்' என்னும் கடித வடிவப் புதினம் 1941இல் இங்கிலாந்தின் திருச்சபை வார இதழொன்றில் தொடராகவும் 1942இல் நூலாகவும் வெளிவந்தது. மூத்த அலகையொன்று இளைய அலகைக்கு எழுதும் அறிவுரைகளாக அமைந்த இந்நூலை வாசகர் எவ்வாறு ஏற்றனர், எங்ஙனம் பிறழ உணர்ந்தனர், ஆசிரியர் அவர்களுக்கு எவ்வாறு விடையிறுத்தார் என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. நூலுக்கு லூயிஸ் எழுதிய இரு முன்னுரைகளும் வாசகர் கருத்துகளின் ஆவணங்களாக இங்கு வாசிக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: சி. எஸ். லூயிஸ், ஸ்குரூடேப், கிறித்தவப் புதினம், அங்கதம், வஞ்சப்புகழ்ச்சி, வாசகர் ஏற்பு.

முன்னுரை

1941ஆம் ஆண்டு மே 2ஆம் நாள் முதல் நவம்பர் 28ஆம் நாள் வரை, 'தி கார்டியன்' என்ற ஆங்கிலிக்கத் திருச்சபை வார இதழில் வாரம் ஒன்றாக முப்பத்தொரு கடிதங்கள் வெளிவந்தன. (பின்னாளில் இப்பெயரைத் தாங்கிய மான்செஸ்டர் நாளிதழ் வேறு, இவ்வார இதழ் 1846இல் தொடங்கி 1951இல் நின்றுபோனது.) கடிதங்களை எழுதுபவன் நரகத்தின் நிருவாகத்தில் உயர்பதவி வகிக்கும் ஸ்குரூடேப் என்னும் அலகை. பெறுபவன் அவனுடைய மருமகனும் பயிற்சி முடித்துப் புதிதாகப் பணியேற்றவனுமான வோர்ம்வுட். இளம் ஆங்கிலேயன் ஒருவனை நரகத்திற்கு இட்டுவருவதே மருமகனுக்கு விதிக்கப்பட்ட பணி. அம்மனிதன் 'நோயாளி' என்றும், கடவுள் 'பகைவன்' என்றும் இக்கடிதங்களில் சுட்டப்படுகின்றனர்.

கதை மிக எளியது. நோயாளி கிறித்தவனாகிறான், சலிப்படைகிறான், தவறான நட்பில் சிக்கி மீள்கிறான், காதல் கொள்கிறான், இறுதியில் வான்தாக்குதலில் இறந்து பகைவனின் கைகளுக்குள் சென்று சேர்கிறான். தோல்வியுற்ற மருமகனை மாமன் உணவாக்கிக்கொள்ளப்போவதாக அறிவிப்பதோடு நூல் முடிகிறது. இந்நூலைப் புதினம் என்று அழைப்பதா, அறவுரைத் தொகுப்பு என்று அழைப்பதா என்னும் வினா அன்றே எழுந்ததுண்டு. கடிதங்களுக்கு வெளியே நிகழும் கதையை வாசகனே ஊகித்துச் சேர்க்க வேண்டியிருப்பதால் புதினம் என்ற பெயரே பொருந்துவதாகும்.

தலைகீழ்க் குரல்

இந்நூலின் தோற்றத்திலேயே ஒரு கேட்போர் அனுபவம் இருந்தது. 1940 சூலையில், பிரான்சு வீழ்ந்த சில வாரங்களுக்குள், இட்லர் ஆற்றிய உரையைப் பி.பி.சி. வானொலி ஆங்கிலத்தில் ஒலிபரப்பியது. அதனைக் கேட்ட லூயிஸ், பொய்யென்று தெரிந்திருந்தும் உரை ஒலித்துக்கொண்டிருக்கும் வரை தம் மனம் சற்றே தடுமாறியதாகத் தம் தமையனுக்கு எழுதினார். மூத்த அலகை இளைய அலகைக்கு எழுதும் கடிதங்கள் என்ற எண்ணம் தேவாலய வழிபாட்டின்போது தமக்குத் தோன்றியதாகவும் அதே கடிதத்தில் குறிப்பிட்டார். இவ்விரண்டையும் காரண காரியமாக இணைப்பதற்குச் சான்று போதாது. ஆயினும் தீமையின் குரல் தர்க்கமும் நயமும் உடையதாக ஒலிக்கக்கூடும் என்ற உணர்வு நூல் முழுவதும் ஊடாடி நிற்பதை மறுக்க இயலாது.

இவ்வமைப்பைத் தமிழ் மரபின் வஞ்சப்புகழ்ச்சியோடு ஒப்பிட்டு நோக்கலாம். கயமை அதிகாரத்தில் வள்ளுவர் கயவரைத் தேவரோடு ஒப்பிடும் குறளைப் புகழ்வதுபோலப் பழித்தலாக உரைகாரர் விளக்குவர். அங்கே பேசுபவர் வள்ளுவர் என்பது வாசகனுக்குத் தெரியும்; அவரது நிலைப்பாடும் ஏனைய குறள்களால் தெளிவாகும். ஸ்குரூடேப்பின் மடல்களில் அத்தகைய துணை எதுவுமில்லை. முதல் வரியிலிருந்து இறுதி வரி வரை அலகையின் குரல் ஒன்றே கேட்கிறது. நன்று என்று அவன் கூறுவதைத் தீது என்றும், தீது என்று கூறுவதை நன்று என்றும் ஒவ்வொரு தொடரிலும் மாற்றிப் படிக்கும் பொறுப்பு வாசகன்மேல் விழுகிறது. ஸ்டீஃபன் மெக்கென்னா எழுதிய புதினம் ஒன்றிலிருந்து இத்தலைகீழ் உத்தியைத் தாம் கற்றதாக லூயிஸ் பின்னர் ஒப்புக்கொண்டார்.

குருவானவரின் மடல்

தொடர் வெளிவந்த காலத்தில் நாட்டுப்புறக் குருவானவர் ஒருவர் இதழாசிரியருக்கு எழுதித் தம் சந்தாவை நிறுத்திக்கொண்டார். இக்கடிதங்களில் தரப்படும் அறிவுரைகள் பல பிழையானவையாக மட்டுமன்றி அலகைத்தன்மை வாய்ந்தவையாகவே தமக்குப் படுகின்றன என்பது அவர் கூறிய காரணம். இச்செய்தி லூயிஸ் 1960இல் எழுதிய முன்னுரை வாயிலாகவே பரவலாக அறியப்பட்டது. அன்றுமுதல் நூலைப் பற்றி எழுதுவோர் அனைவரும் இதனை நகைப்புக்குரிய துணுக்காகவே எடுத்தாண்டு வருகின்றனர்.

குருவானவரைப் பேதை என்று ஒதுக்குமுன் அவர் எதை வாசித்தார் என்று கேட்பது முறை. இன்று கிடைக்கும் நூலில் வாசகனை ஆற்றுப்படுத்தும் முன்னுரை ஒன்றுண்டு. அலகைகள் இல்லவே இல்லையென மறுப்பதும், அவற்றின்மேல் மிகையான நாட்டம் கொள்வதும் ஒன்றுக்கொன்று எதிரான இரு பிழைகள் என்று அது எச்சரிக்கிறது. அலகை பொய்யன் என்பதால் ஸ்குரூடேப் சொல்வதெல்லாம் அவன் நோக்கிலேயே கூட உண்மையாக இருக்க வேண்டியதில்லை என்றும் நினைவூட்டுகிறது. அலகையால் ஏளனத்தைப் பொறுக்க முடியாது என்னும் கருத்துடைய மார்ட்டின் லூதர், தாமஸ் மோர் ஆகியோரின் கூற்றுகளும் நூல்முகப்பில் வைக்கப்பட்டுள்ளன. புராட்டஸ்டண்டுச் சீர்திருத்தவாதி ஒருவரும் கத்தோலிக்க மறைசாட்சி ஒருவரும் அருகருகே நிறுத்தப்பட்டிருப்பது, இந்நகைப்புக்கு இரு சபைகளின் ஒப்புதலையும் பெறும் முயற்சியாகத் தோன்றுகிறது.

அம்முன்னுரைக்கு இடப்பட்ட நாள் 1941 சூலை 5. அதற்குள் பத்துக் கடிதங்கள் இதழில் வெளியாகிவிட்டிருந்தன. அதாவது, முதல் இரு மாதங்களில் தொடரை வாசித்தவர்க்கு இம்முன்னுரையின் துணை இருந்திருக்க வழியில்லை. மறையுரைகளும் சபைச் செய்திகளும் நிறைந்த ஓர் இதழில், ஆன்மிக அறிவுரை என்னும் வடிவிலேயே வந்த எழுத்தை ஒருவர் ஆன்மிக அறிவுரையாகவே எடுத்துக்கொண்டது வியப்பன்று. குருவானவர் அறிவுரையின் தன்மையைச் சரியாகவே இனங்கண்டார் என்பதும் கருதத்தக்கது. அது அலகைத்தனமானது என்று அவர் கண்டது உண்மையே. தவறியது பேசுபவன் யார் என்பதில் மட்டுமே. ஸ்குரூடேப்பின் குரலில் மயங்கி அவனோடு சேர்ந்து பிறரை எள்ளி நகைத்த வாசகரைக் காட்டிலும் அவருடைய வாசிப்பு நூலின் நோக்கத்திற்கு நெருக்கமானது என்றுகூடச் சொல்ல இடமுண்டு.

ஒவ்வொரு கடிதத்திற்கும் இதழ் இரண்டு பவுன் வழங்கியது. அத்தொகையை லூயிஸ் தாம் பெறாமல் குருமாரின் கைம்பெண்டிருக்கான நிதிக்குச் சேர்ப்பித்தார். சந்தாவை நிறுத்திய குருவானவர் இதனை அறிந்திருக்க வாய்ப்பில்லை.

நூல் பெற்ற வரவேற்பு

1942 பிப்ரவரியில் ஜெஃப்ரி பிளெஸ் நிறுவனம் நூலை வெளியிட்டது. அவ்வாண்டு முடிவதற்குள் எட்டு முறை மறுஅச்சு செய்யப்பட்டது. 1943இல் அமெரிக்கப் பதிப்பு வந்தது. 1947 செப்டம்பர் 8ஆம் நாளிட்ட 'டைம்' இதழின் அட்டையில் லூயிஸின் உருவப்படம் அவரது தோளருகே சிறிய அலகையுடன் இடம்பெற்றது. அறிஞர் என்பதைவிட ஸ்குரூடேப்பின் ஆசிரியர் என்றே பொதுமக்கள் அவரை அறிந்திருந்தனர் என்பதற்கு இது சான்று.

மதிப்புரைகள் பெரும்பாலும் பாராட்டாகவே அமைந்தன. 'மான்செஸ்டர் கார்டியன்' நூலின் ஒளிமிக்க நகைச்சுவையையும் பயபக்தியையும் ஒருங்கே போற்றியது. மெய்யியல் நூல்களால் புகழ்பெற்றிருந்த சி. இ. எம். ஜோடு, அறத்தைச் சுவையாக எழுதும் அரிய திறன் லூயிஸுக்கு வாய்த்திருப்பதாக ஏற்றுக்கொண்டார். இவற்றைவிடக் கருதத்தக்கவை எழுத்தாளர் இருவரின் எதிர்வினைகள். சார்லஸ் வில்லியம்ஸ் 'டைம் அண்டு டைட்' இதழில் தம் மதிப்புரையை அலகையொன்றின் கடிதமாகவே எழுதினார். துப்பறியும் கதைகளால் பெயர்பெற்ற டாரதி செயர்ஸ் 1943இல் லூயிஸுக்குத் தனிமடல் வரைந்தபோது, தம்மைச் சோதிக்க அமர்த்தப்பட்ட அலகையின் பெயரால் அதை எழுதினார். நூலைப் பற்றிக் கருத்துரைக்க முனைந்தவர்களே அதன் குரலை எடுத்துக்கொண்டு பேசத் தலைப்பட்டது இப்புதினத்தின் ஏற்பு வரலாற்றில் மீண்டும் மீண்டும் காணப்படும் கூறு.

நகைப்பின் எல்லை

வாசகர் எதைக் கண்டு நகைத்தனர்? பதினேழாம் கடிதம் நல்ல எடுத்துக்காட்டு. பெருந்தீனி என்றால் அளவின்றி உண்பது என்று மனிதர் எண்ணுகின்றனர். அது அலகைகளுக்கு வாய்ப்பாகிறது. நோயாளியின் தாய் மிகக் குறைவாகவே உண்பவள். மெல்லிய தேநீரும் வாட்டிய ரொட்டித் துண்டும் போதும் என்பாள். ஆனால் அவை அவள் விரும்பும் பக்குவத்தில் ஒருநாளும் அமைவதில்லை. அவளுடைய 'சிறு' விருப்பத்தால் விருந்தளிப்போரும் பணியாளரும் அலைக்கழிகின்றனர். உணவுப் பங்கீடு நடைமுறையிலிருந்த நாட்டில் இதனை வாசித்தோர் தமக்குத் தெரிந்த யாரையேனும் நினைத்துச் சிரித்திருப்பர். பங்கீடு கடுமையாவதற்கு முன் எழுதப்பட்டதாகத் தெரிகிறது என்று முதல் முன்னுரையில் லூயிஸ் இக்கடிதத்தைப் பற்றி வாளாமுகத்துடன் குறிப்பதும் அந்நகைப்பின் பகுதியே.

இடர் இங்குதான் தொடங்குகிறது. அடுத்தவரின் தாயைக் காணும் வாசகன் தன்னைக் காணாமலேயே நூலை முடித்துவிடலாம். பதினோராம் கடிதம் நகைப்பைப் பேரின்பம், களிப்பு, முறையான நகைச்சுவை, எள்ளற்போக்கு என நான்காகப் பகுக்கிறது. இவற்றுள் நரகத்துக்கு மிகவும் உதவுவது நான்காவதே. அதில் எவரும் நகைச்சுவை எதையும் உண்மையில் கூறுவதில்லை. நற்பண்பு என்றாலே நகைப்புக்குரியது என்ற பாவனை மட்டுமே நிலவும். அதற்குப் பழகிய உள்ளம் கடவுளுக்கு எதிராகத் தடித்த கவசம் பூண்டதாகிறது. நகைச்சுவையால் புகழ்பெற்ற நூல் தன்னை வாசிக்கும் நகைப்பையே இவ்விடத்தில் விசாரணைக்கு உட்படுத்துகிறது. மதிப்புரையாளர் நூலின் நகைச்சுவையை வியந்த அளவுக்கு இக்கடிதத்தைப் பொருட்படுத்தவில்லை.

1960ஆம் ஆண்டின் முன்னுரை

1961இல் வெளிவந்த விரிவாக்கப் பதிப்புக்காக 1960 மே மாதம் எழுதப்பட்ட முன்னுரை, முந்தையதைப்போல் அலகைக் கடிதங்கள் தம் கைக்கு எவ்வாறோ கிட்டின என்னும் விளையாட்டைத் தொடரவில்லை. இருபதாண்டுக் கால வாசகர்க்கு நேரடியாக விடையிறுக்கிறது. அலகை உண்டென நம்புகிறீரா என்பதே மிகுதியும் கேட்கப்பட்ட வினா. கடவுளுக்கு நிகராக எதிர்நிற்கும் தற்தோற்றமான ஆற்றல் எதுவும் இல்லை. தம் விருப்புரிமையைத் தவறாகப் பயன்படுத்தி வீழ்ந்த வானதூதர் உண்டென்பது தம் கருத்து. ஆனால் அது தம் நம்பிக்கையின் அடிப்படைக் கூறன்று என்று அவர் பதிலளித்தார். நரகத்தை ஏன் அலுவலகமாகப் படைத்தார் என்பதற்கும் விளக்கம் தந்தார். இக்காலத்தின் பெருந்தீமைகள் இழிந்த சேரிகளிலோ வதைமுகாம்களிலோ கருக்கொள்வதில்லை, அங்கே அவற்றின் விளைவையே காண்கிறோம், அவை திட்டமிடப்படுவது ஒளியும் வெப்பமும் நிறைந்த தூய அலுவலகங்களில், குரலை உயர்த்தாத மனிதர்களால் என்பது அவ்விளக்கத்தின் சாரம்.

விற்பனை எண்ணிக்கையை அவர் நம்பவில்லை. ஞானப்பிள்ளைகளுக்குப் பரிசளிக்கவும் தியானக் கூட்டங்களில் உரக்க வாசிக்கவும் வாங்கப்பட்டு, இறுதியில் விருந்தினர் அறைகளில் தங்கிவிடும் வகை நூல் இது என்றார். மருத்துவமனைப் பயிற்சிச் செவிலி ஒருத்தி இதனை வாசித்திருந்தாள். நேர்காணலுக்காகப் பரிந்துரைக்கப்பட்ட பட்டியலில் மிகச் சிறியது இதுவே என்பதுதான் காரணம் என்று அறிந்ததையும் அவரே பதிவு செய்கிறார். குருவானவரின் மடலுக்குக் கிடைத்த புகழ் இச்செவிலியின் விடைக்குக் கிட்டவில்லை. வாசகர் வரலாறு எழுதுவோர்க்கு இரண்டும் சம மதிப்புடையவை.

இக்கடிதங்கள் அறவியல், துறவியல் நூல்களைப் பல்லாண்டு கற்றதன் விளைவு என்று சிலர் பாராட்டியதையும் அவர் மறுத்தார். சோதனை எவ்வாறு செயற்படுகிறது என்பதை அறியத் தம் உள்ளமே போதுமாயிருந்தது என்றார். மேலும் பல கடிதங்கள் எழுதுமாறு வாசகர் வேண்டியபோது ஆண்டுக்கணக்காக இணங்கவில்லை. அலகையின் மனத்துக்குள் தம்மைத் திணித்துக்கொள்வது எளிதாயிருந்தும் அதில் இன்பமில்லை. புழுதியும் வறட்சியுமான அவ்வுலகம் எழுதி முடிப்பதற்குள் தம்மை மூச்சுத் திணறச் செய்தது என்பது அவர் தந்த காரணம். வாசகர் களித்த நூலை ஆசிரியர் களிப்பின்றியே எழுதினார்.

விடுபட்ட மறுபாதி

நூலின் குறை எதுவென்பதில் ஆசிரியரின் தீர்ப்பே கடுமையானது. அலகையின் அறிவுரைக்கு ஈடாகத் தலைமை வானதூதர் ஒருவர் நோயாளியின் காவல்தூதருக்கு எழுதும் கடிதங்களும் இருந்தால்தான் மனித வாழ்வின் சித்திரம் நிறைவுறும் என்று அவர் கருதினார். ஆனால் வானுலகின் மணம் ஒவ்வொரு தொடரிலும் கமழும் நடை எவருக்கும் கைவராது என்று அம்முயற்சியைக் கைவிட்டார். மாறாக, ஸ்குரூடேப்பையே மீண்டும் ஒருமுறை பேசவைத்தார். சோதிப்போர் பயிற்சிக் கல்லூரியின் விருந்தில் அவன் ஆற்றும் உரை 1959 டிசம்பரில் அமெரிக்காவின் 'சாட்டர்டே ஈவ்னிங் போஸ்ட்' இதழில் வெளிவந்தது. கல்வியில் அனைவரையும் ஒரே மட்டத்துக்குத் தாழ்த்தும் போக்கைச் சாடும் அவ்வுரையில் ஓர் ஆன்மாவின் கதை இல்லை. கருத்துப்போர் மேலோங்கி நிற்கிறது.

பிறரும் அலகையின் குரலையே தேர்ந்தனர். நரகத்திலிருந்து எழுதப்படும் கடிதங்கள் என்ற வடிவம் கிறித்தவப் பத்திரிகைகளில் ஒரு தனிவகையாகவே நிலைபெற்றது. அண்மைக் காலத்தில், நோயாளியை அரசியல் பேச்சிலேயே மூழ்கியிருக்கச் செய்யுமாறு வோர்ம்வுட்டுக்கு அறிவுறுத்தும் பகுதியொன்று லூயிஸின் பெயரால் பரவலாக மேற்கோள் காட்டப்பட்டது. முப்பத்தொரு கடிதங்களில் எதிலும் அப்பகுதி இல்லை.