காயத்துக்கு வெயில் காட்டிய சர்ஜன்



"ஒப்பரேஷன் காயம் கெதியில் ஆற சிவப்பு லைட்" என்று போனைத் திறந்தாலே விளம்பரம் வருகிறது. வாங்கலாமா என்று வெள்ளவத்தையில் பெற்றோர் சிலர் கேட்டார்கள். கொட்டாஞ்சேனையிலிருந்தும் ஒருவர் மெசேஜ் போட்டிருந்தார். நான் வைத்தியர் இல்லை, சரித்திரம் படிப்பிக்கிறவன். அதனால் சரித்திரத்தைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

1902 பெப்ரவரி. சுவிட்சர்லாந்து மலைப்பகுதியில் சமேடன் என்ற ஊர். அங்கே ஒஸ்கார் பேர்ன்ஹார்ட் என்ற சர்ஜன், மண்ணீரலை அகற்றிய ஒரு நோயாளியோடு திண்டாடிக்கொண்டிருந்தார். வயிற்றுக் காயம் பிளந்துபோய், என்ன செய்தும் மூடவில்லை. அந்த மலைவாசிகள் இறைச்சியை வெயிலிலும் காற்றிலும் காயவைத்து வைப்பார்கள், பழுதாகாது. நம்மூர் உப்புக்கண்டம் மாதிரித்தான். செத்த இறைச்சியைக் காக்கும் வெயில் உயிருள்ள சதைக்கு உதவாதா என்று யோசித்தவர், கட்டிலை ஜன்னலடிக்கு நகர்த்தி, காயத்தைத் திறந்து வெயில் காட்டினார். கொஞ்ச நேரத்திலேயே மாற்றம் தெரிந்ததாக அவரே பிறகு எழுதினார்.

அடுத்த வருடமே இரண்டு விஷயங்கள் நடந்தன. செயற்கை வெளிச்சத்தால் தோல் காசநோயைக் குணப்படுத்திய டென்மார்க் வைத்தியர் நீல்ஸ் ஃபின்சனுக்கு 1903 இல் நோபல் பரிசு கிடைத்தது. அதே வருடம் லேசன் என்ற மலையூரில் ஒகுஸ்ட் ரொலியே, எலும்புக் காசநோய்க்கு வெயில் வைத்தியசாலை திறந்தார். அவருடைய முறையில் முதல் நாள் பாதத்துக்கு மட்டும் 5 நிமிட வெயில். பிறகு நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக மேலே. வெயிலையும் மருந்து போல அளந்துதான் கொடுத்தார்கள்.

இந்த அலை நம்ம பக்கமும் வந்தது. கிரிக்கெட் பைத்தியங்களுக்கு ரஞ்சித்சிங்ஜியைத் தெரியும். 1896 இல் இங்கிலாந்துக்காக ஆடிய முதல் டெஸ்டிலேயே ஆட்டமிழக்காமல் 154 அடித்தவர். அவர் ஆண்ட ஜாம்நகரில், குஜராத்தில், ஜான் சைட்மன் என்ற வைத்தியரின் திட்டப்படி 1933 இல் ஒரு சோலேரியம் கட்டப்பட்டது. கோபுரத்தின் மேல் அறைகள். சூரியன் போகும் பக்கம் அந்த அறைகளும் மெதுவாகத் திரும்பும்!

பிறகு ஏன் எல்லாம் மறைந்தது? 1940களில் பெனிசிலினும் ஸ்ட்ரெப்டோமைசினும் வந்தன. மாதக்கணக்கில் வெயிலில் படுக்க யாருக்குப் பொறுமை?

விளம்பரத்தில் வரும் சிவப்பு லைட்டின் கதை வேறு. 1960களின் பிற்பகுதியில் புடாபெஸ்டில் எண்ட்ரே மெஸ்டர் என்ற சர்ஜன், சக்தி குறைந்த லேசர் புற்றுநோயை உண்டாக்குமா என்று எலிகளில் பார்த்தார். புற்றுநோய் வரவில்லை, மழித்த முடி வேகமாக வளர்ந்தது. அங்கிருந்துதான் ஆறாத புண்களுக்கு அதைப் பாவிக்கத் தொடங்கினார். இன்று புற்றுநோய்ச் சிகிச்சையால் வரும் வாய்ப்புண்ணுக்கு இந்த முறை பரிந்துரைக்கப்படுகிறது. ஒப்பரேஷன் காயத்துக்கு என்றால் ஆய்வு முடிவுகள் ஒரே மாதிரி இல்லை. எந்த அலைநீளம், எவ்வளவு சக்தி, எத்தனை நிமிடம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அளவு கூடினால் பலன் குறையவும் செய்யும்.

என்னைக் கேட்டால், பேர்ன்ஹார்ட் செய்ததில் நமக்கு உதவுவது கட்டிலை ஜன்னலுக்கு நகர்த்தியதுதான். 2005 இல் வெளியான ஓர் ஆய்வுக்காக அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் முதுகெலும்பு ஒப்பரேஷன் செய்த 89 பேரைப் பார்த்தார்கள். வெயில் வரும் பக்க அறைகளில் இருந்தவர்கள் மணிக்கு 22 சதவீதம் குறைவாகவே நோவு மருந்து எடுத்தார்கள். ஒரு ஆஸ்பத்திரியில் நடந்த சின்ன ஆய்வுதான், ஆனாலும் செலவில்லாத விஷயம்.

நாமோ நோயாளி வீட்டுக்கு வந்ததும் திரையை இழுத்து மூடி, பகலிலும் அறையை இருட்டாக்குகிறோம். வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் பக்கத்துக் கட்டிடத்தின் சுவரையே பார்க்கும் ஜன்னல்கள் எத்தனை! முடிந்தால் பகலில் நோயாளியை ஹோலுக்கோ பல்கனிப் பக்கமோ கொண்டுவந்து இருத்துங்கள். கண் ஒப்பரேஷன் என்றால் மட்டும் வைத்தியர் சொன்னபடியே.

இதற்காகத் தையல் போட்ட காயத்தைத் திறந்து கொழும்பு மத்தியான வெயிலில் காட்டிவிடாதீர்கள். புதுத் தழும்பு வெயில் பட்டால் கறுக்கும். பேர்ன்ஹார்டுக்கு வேறு வழி இருக்கவில்லை, நமக்கு இருக்கிறது.

லைட்டை ஏற்கெனவே வாங்கியவர்கள், பெட்டியில் அலைநீளமும் சக்தியும் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்த கிளினிக் நாளில் அந்தப் பெட்டியையே கொண்டுபோய் உங்கள் சர்ஜனிடம் காட்டிக் கேளுங்கள்.