நாவல் மரமும் வரலாற்றுப் பாடநூலும்

வரலாற்றுப் பாடநூலை விரிக்கும் பிள்ளை தன்னையறியாமலே தன் பாட்டன் பூட்டனை அதிலே தேடுகிறது. அவர்களை எங்கும் காணாவிடில், தன்னுடையது எதையுமே சாதிக்காத கூட்டம் போலும் என்று எண்ணத் தலைப்படுகிறது. இந்த நோய்க்கு மருந்து தேடிய அமெரிக்க வரலாற்றாசிரியர் ஒருவரைப் பற்றி இன்று பேசலாம்.

கார்ட்டர் கொட்வின் வூட்சன் 1875 டிசம்பர் 19ஆம் திகதி வேர்ஜீனியா மாநிலத்திலே பிறந்தார். பெற்றோர் அடிமைகளாயிருந்து விடுதலை பெற்றவர்கள். வறுமையினால் இளமையிலேயே நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தார். எழுத்தறியாத கறுப்பினத் தொழிலாளருக்கு மாலையிலே பத்திரிகை வாசித்துக் காட்டுவார். அவர்களோ, தாம் கண்டும் பட்டும் அறிந்த பழைய கதைகளை அவருக்குச் சொல்வார்கள். நூல்களிலே இடம்பெறாத வரலாற்றை அங்கேதான் அவர் கேட்டார்.

ஏறத்தாழ இருபது வயதிலேதான் உயர்நிலைப் பள்ளியிற் சேர்ந்தார். 1903இல் பிலிப்பைன்ஸ் தீவுகளுக்கு ஆசிரியராகச் சென்றார். அங்கே கண்டறிந்ததைப் பின்னர் 1933இல் வெளியிட்ட கல்வி பற்றிய நூலிலே குறிப்பிடுகிறார். அமெரிக்காவிலிருந்து வந்த ஆசிரியர் பலர் தம் நாட்டுப் பாடங்களையே ஒப்புவிக்கச் செய்து தோல்வி கண்டனராம். ஒருவர் மாத்திரம், அப்பிள் மரத்தையே கண்டிராத சிறுவர்களுக்கு, அவர்கள் நாளும் ஏறி உலுக்கும் லொம்போய் மரத்தைப் பற்றிப் பாடக் கற்பித்தார். அது வேறெதுவுமல்ல, நமது நாவல் மரமே! ஜோர்ஜ் வொஷிங்டனின் கதைக்குப் பதிலாக, அந்நாட்டுத் தியாகி ஹோசே ரிசாலின் கதையைச் சொன்னார். பிள்ளைகள் கற்றார்கள்.

1912இல் ஹாவார்ட் பல்கலைக்கழகத்திலே கலாநிதிப் பட்டம் பெற்ற வூட்சன், தம் இனத்துப் பிள்ளைகளுக்கும் அவ்வாறே செய்ய முனைந்தார். 1915இல் கறுப்பின மக்களின் வாழ்வையும் வரலாற்றையும் ஆராயும் சங்கத்தை நிறுவினார். மறு ஆண்டே ஆய்விதழ் ஒன்றைத் தொடங்கினார். 1922இல் வெளியான அவரது பாடநூல், அமெரிக்க வரலாற்றிலே கறுப்பின மக்களின் பங்கைத் தொடக்கம் முதல் எடுத்துரைத்தது. சிறுவர்க்கெனவும் உயர்தர வகுப்பினர்க்கெனவும் வேறு நூல்கள் எழுதினார். 1926 பெப்ரவரியிலே கறுப்பின வரலாற்று வாரத்தை ஆரம்பித்துவைத்தார். அது 1976 முதல் ஒரு மாதமாகக் கொண்டாடப்படுகிறது.

இவையெல்லாம் எளிதிலே கைகூடவில்லை. செல்வந்த நிறுவனங்களின் உதவி குன்றிய காலத்தில், சாதாரண ஆசிரியர்களும் ஊரவரும் தந்த சிறு தொகைகளைக் கொண்டே சங்கத்தை நடத்தினார். திருமணம் செய்யவில்லை. வொஷிங்டன் நகரிலிருந்த அவர் வீடே சங்கத்தின் அலுவலகமாகவும் விளங்கியது. 1950 ஏப்ரல் 3ஆம் திகதி அங்கேயே காலமானார்.

வகுப்பறையிலே பாடநூலைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு அந்த நாவல் மரம் நினைவுக்கு வருகிறது. முன்னால் இருக்கும் பிள்ளைகளுள் எவருடைய பாட்டன் இந்த நூலிலே இல்லை என்று ஒருகணம் எண்ணிப் பார்க்கிறேன். ஆசிரியப் பெருமக்களும் அவ்வாறு எண்ணிப் பார்த்தல் நன்று.