பெயர் இல்லாத படங்கள்

திருநாவலூர்க் கோயிலின் சுந்தரர் சன்னதியில் அவரோடு பரவை நாச்சியாரும் சங்கிலி நாச்சியாரும் நிற்கிறார்கள். பரவை, திருவாரூரில் உருத்திர கணிகையர் குலத்தில் பிறந்தவர். சேக்கிழார் அதை மறைக்கவில்லை. அவருக்குப் பெயர் உண்டு, உருவம் உண்டு, பூசையும் உண்டு. அந்த மரபில் வந்த பெண்களைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கேமரா எப்படிப் பார்த்தது?

கேமராவுக்குச் சற்று முன்பிருந்தே தொடங்கலாம். 1838இல், இங்கிருந்து கிழக்கே, கடலூரை ஒட்டிய திருவகீந்திரபுரத்திலிருந்து ஐந்து ஆடற்பெண்களும் மூன்று இசைக்காரர்களும் கப்பலேறி, பாரிஸிலும் லண்டனிலும் ஆடினார்கள். அவர்களில் அம்மணியைப் பற்றிக் கவிஞர் தியோஃபில் கோத்தியே எழுதினார். சிற்பி பார் வெண்கலத்தில் வடித்தார். பார்த்தவர்களுக்கு அவர் வேடிக்கைப் பொருள்தான். ஆனாலும் சிலை அவர் பெயரிலேயே அறியப்படுகிறது. டாகரின் புகைப்பட முறை வெளியானது அடுத்த ஆண்டு.

1854இல் பாரிஸில் டிஸ்தெரி சீட்டளவுப் படத்துக்குக் காப்புரிமை பெற்றார். பிறகு நடிகையரின் முகம் கடைச்சரக்கானது. நாடகக்காரியைக் கௌரவமான வீடுகள் அங்கும் சேர்த்துக்கொள்ளவில்லைதான். ஆனால் படத்தை விற்றுக்கொடுத்தது சாரா பெர்னார் என்ற பெயர். மெட்ராஸ் ஸ்டூடியோக்களின் படங்களிலோ பெரும்பாலும் ‘நாட்ச் கேர்ள்’ என்ற குறிப்புதான். சிலவற்றில் தஞ்சாவூர் என்று ஊர் இருக்கும், ஆள் இருக்காது.

வசதியான வீட்டுப் பெண்கள் அந்நிய ஆணின் முன் வராத காலம். கேமராவுக்குக் கிடைத்தவர் ஆடற்பெண். ஈரத்தகட்டு முறையில் நொடிக்கணக்கில் அசையாமல் நிற்க வேண்டும். தலை ஆடாமலிருக்கப் பின்னால் இரும்புப் பிடி வைப்பதும் உண்டு. ஆடுகிறவருக்கு இதைவிடப் பொருந்தாத கருவி ஏது? அடவும் அபிநயமும் தகட்டில் ஏறவில்லை. பாட்டும் ஏறவில்லை, பதத்தின் பொருளும் ஏறவில்லை. ஒட்டியாணமும் சேலைக் கொசுவமும் ஏறின. பல வருஷப் பயிற்சி கழிந்துபோய் உடம்பு மட்டும் மிஞ்சியது. அதற்குக் கீழே ஒரு வகைப்பெயர்.

1893இல் மெட்ராஸ் இந்து சமூகச் சீர்திருத்தச் சங்கம், ஆடற்பெண்கள் ஆடும் விருந்துகளுக்குப் போக வேண்டாமென்று வைசிராய்க்கும் ஆளுநருக்கும் விண்ணப்பம் அனுப்பியது. அவர்கள் ஏற்கவில்லை. விண்ணப்பத்தை எழுதவைத்தது புகைப்படம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இரண்டிலும் இருப்பது ஒரே பார்வை: தனியாள் இல்லை, கூட்டம். பொட்டுக்கட்டுதல் தடைச்சட்டம் 1947இல் வந்தது.

இதற்கிடையே கும்பகோணத்தில் பாலாமணி அம்மாள் பெண்களையே வைத்து நாடகக் கம்பெனி நடத்தினார். அவர் நாடகம் பார்க்க வருகிறவர்களுக்காக ஓடிய ரயிலை ஜனங்கள் ‘பாலாமணி ஸ்பெஷல்’ என்றார்களாம்.